காதை மூடிய தொப்பி

தாபினின் முதல் பிறந்தநாளுக்கு அவள் அப்பா ஹாக்சூ ஒரு பட்டுத் தொப்பி வாங்கி வந்தான். இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே நாடாவால் கட்டுகிற பழைய காலத்துத் தொப்பி. மரபின் மேல் அப்படியொரு பற்று என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையின் காது கேட்கும் கருவிகள் அவனுடைய மேலதிகாரியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் முன்னதாகவே, உள்ளங்கை அளவில் பிறந்தவள் தாபின். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து போராடி உயிரைத் தக்கவைத்துக்கொண்டாள், காதுதான் போய்விட்டது. கருவி மாட்டிய பிறகு அம்மாவின் குரலுக்குத் திரும்பினாள். இன்றைக்கு ஊரே கூப்பிட, மகள் திரும்பிப் பார்க்க வேண்டும். அம்மா யூன்சலின் ஆசை அது ஒன்றுதான்.

"காதை மூடினா மெஷின் கத்தும்ங்க."

"அது கத்தாது. நீ கத்தாம இரு."

கத்தியது. விருந்து மண்டபம் முழுக்க 'கீ' என்று விசில். ஆளாளுக்குக் கைபேசியைத் தடவினார்கள். "மைக் கோளாறு சார், மட்டமான மண்டபம்," என்று மேலதிகாரியிடம் இளித்தான் ஹாக்சூ. தேடிப் பிடித்த மண்டபத்தையே திட்டுகிற மகானுபாவன்! பிறகு கொஞ்சுவதுபோல் குனிந்து, தொப்பிக்குள் கைவிட்டு, கருவிகளை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த யூன்சல் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் குழந்தையைத் தாழ்வான மேசைமுன் உட்கார வைத்துவிட்டார்கள். மேசைமேல் நூல், அரிசி, பென்சில், பணம். எதை எடுக்கிறாளோ அதுதான் அவள் எதிர்காலமாம்.

"தாபினா! பென்சில எடு!"

"இங்க பாருடா செல்லம், பணம், பணம்!"

தாபின் தன் சட்டை நாடாவைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ பாவம். குறைமாசம்ல? மூளை மந்தம் போல," என்றாள் மேலதிகாரியின் மனைவி. மெதுவாகத்தான் சொன்னோம் என்று அவளுக்கு நினைப்பு.

ஹாக்சூவின் முகத்தில் ஈயாடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்!

யூன்சல் அவன்முன் கையை நீட்டினாள். "எடுங்க."

"என்னத்த?"

"பாக்கெட்ல போட்டீங்களே, எம் பொண்ணு காது. அத."

அத்தனை பேர் பார்க்க எடுத்துக் கொடுத்தான். அவள் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டுக் கருவிகளை மாட்டினாள். மேலதிகாரியின் மனைவி பக்கம் திரும்பி, "மூளை நல்லாத்தாங்க இருக்கு. காதுதான் மந்தம்," என்றாள். பிறகு புருஷனிடம், "இப்பக் கூப்பிடுங்க."

"தா... தாபினா."

குழந்தை சட்டென்று திரும்பினாள். மண்டபமே கைதட்டியது.

காது கேட்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் மகளைக் கூப்பிட்டதே இல்லை. கேட்காத பிள்ளையைக் கூப்பிட்டு என்ன லாபம் என்று விட்டுவிட்டான். தாபின் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அது யாரோ தெரியாத ஆளின் குரல். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதுகொண்டே அம்மாவிடம் தவழ்ந்து போனாள்.