தலைவர் பேசாத கூட்டம்

குடியிருப்போர் சங்கத்துக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவளுக்கு நாலு வருஷத்துப் பிழைப்பு. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கைபேசியில் பதிவை ஓடவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டால் விரல்கள் தாமாக ஓடும். பழைய இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போகவே, பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் தொங்கியவற்றில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி வந்திருந்தாள்.

முதல் நாளே குழப்பம். வலக்காதில் ஒருவர், "அதெப்படிங்க முடியும்?" என்று எகிறினார். இடக்காதில் ஒரு பெண்மணி, "அவர் சொல்றதும் நியாயம்தானே" என்றார். எவர் சொன்னது? என்ன சொன்னது? நடுவில் கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். சார்ஜ் போட்டால் காதில் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம் வேறு. சார்ஜரைப் பிடுங்கினாள். வண்டு போயிற்று, முனகல் போகவில்லை.

தலைவர் குரல் அவளுக்குத் தெரியாததல்ல. மைக்கே வேண்டாத வெண்கலத் தொண்டை. அது எங்கே போயிற்று?

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"தலைவரைக் காணோம்டி."

நாத்தனார் இயர்போனைப் பிடுங்கித் தன் கைபேசியில் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டாள். "நல்லாத்தானே பாடுது. எதுக்கும் ஒருதடவை டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க."

அது அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தமாகியிருந்தது. அன்று மாலையே போனாள். காது டாக்டர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெளியே வந்ததும், "உங்களுக்குப் பாம்புக் காதும்மா" என்று அனுப்பிவிட்டார்.

காதும் சரி, இயர்போனும் சரி. அப்படியானால் தலைவர்தான் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, 'தலைவர் பெரும்பாலும் அமைதி காத்தார்' என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து சங்கச் செயலாளர் அழைத்தார். "ஏம்மா, அவரா அமைதி காத்தார்? ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாம பேசினார். பக்கத்துல உக்காந்த எனக்குத் தலைவலியே வந்திடுச்சு."

"பதிவுல இல்லையே சார்."

"இப்பதான் போட்டுக் கேட்டேன். இடி மாதிரி இருக்கு."

சாயங்காலம் நாத்தனார் இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுக்கு எதுக்கு யானைத்தோல் மாதிரி ஒரு உறை?" என்று அண்ணியின் கைபேசியிலிருந்து ரப்பர் உறையை உரித்தாள். புது இயர்போனின் முனை தடிமன். உறை இடித்ததால் அது முழுசாக உள்ளே போகாமல் நூலளவு வெளியே நின்றிருக்கிறது. இப்போது டக்கென்று உட்கார்ந்தது. தலைவர் காதுக்குள் கர்ஜித்தார்.

"சரியா மாட்டலைன்னா எல்லாரும்தானே கேக்காம போகணும்? அவர் ஒருத்தர் மட்டும் எப்படிடி காணாம போவார்?"

நாத்தனார் மறுநாள் தன் அலுவலகத்து மின்பணியாளரிடம் விசாரித்து வந்தாள். "முனை சரியா உக்காரலைன்னா, ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரி வர்ற சத்தம் ஒன்னையொன்னு அடிச்சுக்கிட்டு அழிஞ்சிடுமாம். தலைவர் பதிவு பண்ற மைக்குக்கு நேரா, நடுவுல உக்காந்திருப்பார். அதான்."

"ரெண்டு காதுக்கும் வந்தா இன்னும் நல்லாத்தானே கேக்கணும்?"

"எனக்கும் அதான் அண்ணி புரியலை. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

அவள் முதலிலிருந்து தட்டச்சு செய்தாள். நாலு பக்கம் இருந்தது பதினேழு பக்கமாயிற்று. அனுப்பிவிட்டு, மன்னிப்புக் கேட்கச் செயலாளரை அழைத்தாள்.

அவர், "ஒரு சிக்கல்மா. பழசை நான் படிக்காமலேயே எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டார்" என்றார்.

"படிச்சுப் பார்த்தாரா சார்?"

"கச்சிதமா இருக்குன்னு ஓரத்துல எழுதியிருக்காரே."

"அப்போ எதை சார் வெச்சுக்கப் போறீங்க?"

"அதான்மா எனக்கும் விளங்கலை. நீ சொல்லேன்."

அவள் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.