புருவம் விரித்த குருவி

எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் வாலாட்டிக் குருவி கூடு கட்டிய அன்றே என் புருஷன் கிளைவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எங்கள் ஆஸ்திரேலிய ஊரான டூவூம்பாவில் அவன் சேர்ந்திருக்கும் புகைப்படச் சங்கத்தில் ‘பறவையைத் தொந்தரவு செய்யாமல் எடுத்த படம்’ என்று ஒரு போட்டி உண்டு. பதினொரு வருஷமாக அந்தக் கோப்பை அவனுக்கு எட்டவில்லை.

“மேவிஸ், குஞ்சு பறக்கிற வரைக்கும் கொடிப் பக்கம் போயிடாத.”

“துணிய எங்க காயப்போடறது? உன் தலையிலயா?”

“மெதுவாப் பேசு! அது முட்டைல உக்காந்திருக்கு.”

“நான் தினமும் அது பக்கத்துலதான்டா போர்வை மாட்டறேன். என் முடியையே பிடுங்கிக் கூட்டுல வச்சிருக்கு.”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

நாயை அவன் தங்கை வீட்டுக்கு அனுப்பினான். புல்வெட்டியைப் பூட்டினான். புல் முழங்கால்வரை வளர்ந்தது. ஈரத்துணிக் கூடையைக் காரில் ஏற்றி, கடைத்தெருச் சலவை நிலையத்துக்கு அலைந்தேன். அவனோ கொடியிலிருந்து நாலடி தூரத்தில் பச்சைக் கூடாரம் போட்டு, இலை தைத்த கோட்டு மாட்டி, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போவான். சாப்பாடும் அங்கேதான்.

சமையலறை ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. குருவி முட்டையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தேன்.

“கிளைவ், முட்டை ஆறிப்போயிடும். வெளிய வா.”

“நான் இங்க இருக்கறதே அதுக்குத் தெரியாது. என்னா சுறுசுறுப்பு பாத்தியா!”

கூடாரம் போட்ட நாலாம் நாள் படங்களை அச்சுப்போட அவன் கடைக்குப் போனான். கூடாரத்தைப் பிடுங்கி எறிந்தேன். கூடையை எடுத்துப் போய் அவன் ஜட்டியைக் கொடியில் மாட்டினேன். குருவி வந்தது, முட்டைமேல் உட்கார்ந்தது, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டே கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். அன்றே அதை என் பேரில் சங்கத்துக்கு அனுப்பினேன். கோபம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

போட்டியன்று நடுவர் கிளெனிஸ் அம்மாள், முப்பது வருஷம் ஆராய்ச்சிக்காகப் பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டியவர், கிளைவின் படங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“கிளைவ், இதோட புருவத்தப் பாத்தியா? கோவம் வந்தாத்தான் கண்ணுக்கு மேல இந்த வெள்ளை இப்படி விரியும். நிம்மதியா இருந்தா தெரியவே தெரியாது. என்னப்பா பண்ணின அத?”

மண்டபமே சிரித்தது. கிளைவ் காதுவரை சிவந்தான். கிளெனிஸ் அடுத்து என் படத்தை எடுத்தார்.

“இதுல புருவமே இல்ல பாருங்க. கோப்பை இதுக்குத்தான். அது சரி, பக்கத்துல தொங்கறது யாரோடது?”

எல்லாரும் கிளைவைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து குருவி மூன்று குஞ்சுகள் பொரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளைவ் கேமராவோடு ஓடிவந்தான். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஈரத்துணிக் கூடையை அவன் கையில் திணித்தேன்.

“தினமும் நீதான் காயப்போடற. அது உன்னைச் சேத்துக்கற வரைக்கும்.”

முதல் நாள் அவன் தலையில் கொத்தியது. மூன்றாம் நாள் கத்தியதோடு நிறுத்தியது. ஒன்பதாம் நாள் அவன் கொடியில் காலுறை மாட்டிக்கொண்டிருக்க, அது பாட்டுக்குக் குஞ்சுக்குப் புழு ஊட்டியது. புருவத்தில் வெள்ளையே இல்லை. கிளைவ் மூச்சுவிடாமல் நின்றான்.

“மேவிஸ்,” என்றான் ரகசியமாக, “கேமராவ எடுத்துட்டு வரட்டுமா?”

நான் புருவத்தை உயர்த்தினேன். அவன் அடுத்த காலுறையை எடுத்தான்.