ஒதுங்கத் தெரிந்த மாடுகள்

மலாயில் ஜாலான் எனப்படும் கெலுகோர் சாலையில் மோட்டாரைக் கண்டால் இடது ஓரம் ஒதுங்கும்படி வண்டிக்காரன் சடையன் தன் மாடுகளைப் பழக்கியிருந்தான். இன்று அந்த ஓரத்திலேயே ஒரு மோட்டார் பழுதாகி நின்றது. அடியில் படுத்திருந்த டிரைவர் கமாலின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாடுகள் வழக்கம்போல் ஓரத்துக்கே இழுத்தன. சடையன் கீழே குதித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடுச்சாலைக்குத் திருப்பினான். சக்கரம் கால்களை ஒரு சாண் விட்டுக் கடந்தது.

கமால் பதறி எழுந்தான். “என்ன அண்ணே, இவ்ளோ பெரிய ஜாலான்ல என் காலுதான் கெடச்சுதா?”

“மோட்டாருக்கு ஒதுங்கத்தான் தம்பி பழக்கினேன்.”

மாடுகள் நடுச்சாலையில் மிரண்டு நின்றன. கம்பை ஓங்கிய சடையன், எந்தத் தப்புக்கு அடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.