பிரார்த்தனை நேரத்தில் நடந்த வீடு

சமோவாவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், மாலைப் பிரார்த்தனை நேரத்தில் நடமாடிய குற்றத்துக்காக ஊர்ச்சபை ஒரு வீட்டுக்கு அபராதம் விதித்தது. பெரிய பன்றி ஒன்று, மீன் டின் ஒரு பெட்டி. சங்கு ஊதினால் அவரவர் வீட்டில் கண்மூடி உட்கார வேண்டும். மறுசங்கு வரை தெருவில் கோழிகளுக்கு மட்டுமே அனுமதி. இதை மீறிய மனிதர்கள் முன்பும் உண்டு. வீடு மீறியது அதுதான் முதல் தடவை.

அது லெயுதாவின் வீடு. சுவர் கிடையாது, வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, கீழே பவளக் கூழாங்கல், அதன்மேல் பாய். லெயுதாவின் அக்கா முந்தைய பேரலையின்போது இஸ்திரிப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனவள், வரவில்லை. அதனால் லெயுதா தன் பிள்ளைகளுக்குத் தினமும் காலைக் கோகோவுக்கு முன் பாடம் நடத்தினாள். தரை ஆடினால் தூணைப் பிடித்துக் குந்து. ஆட்டம் நின்றதும் நடுத்தூணில் தொங்கும் பையை எடு. தண்ணீர், பிஸ்கட், டார்ச், மருந்து எல்லாம் அதில் இருக்கிறது. மேட்டுச் சேம்பங்கொல்லைக்கு ஓடு. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. மூத்தவள் எலேனி ஓடிவிடுவாள். ஐந்து வயது மீகா மட்டும் பாதி வழியில் தன் பன்றிக்குட்டியைத் தேடித் திரும்புவான்.

“டேய், குட்டி தானா ஓடி வரும்டா. நீ திரும்பினா உன்னத் தேடி அக்கா திரும்புவா. அப்புறம் மேல யாருடா இருப்பா?”

“அதுக்கு வழி தெரியாதும்மா.”

அவள் கணவன் சியோசி பிரார்த்தனை நேரத்தில் தெருவைக் காவல் காப்பவன். அவன் சிரிப்பான். “விடுடி, அலை வந்தா நானே வந்து சொல்றேன். நீ கத்துற கத்துல தூணுக்கெல்லாம்கூட மனப்பாடம் ஆயிருக்கும்.”

தூண்களைப் பற்றி அவன் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. அந்த வாரம் லெயுதா உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்த்துக்கொள்ள தலைநகர் ஆப்பியாவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சங்கு ஊதியது, பிள்ளைகள் பாயில் கண்மூடினார்கள், தரை ஆடியது. எலேனி தூணைப் பிடித்தாள். ஆட்டம் நின்றும் எழவில்லை. தெருவில் நிற்பது அப்பா. அவர் பிள்ளைகளே சங்குக்கு அடங்காவிட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரார்த்தனையின் அடுத்த வரியைச் சொன்னாள். அப்போது வீடு கொஞ்சம் குந்தியது, பிறகு எழுந்தது. தூண்களைக் கூழாங்கல்லிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, பாயையும் பையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, சீமைப்பலா மரங்களுக்கிடையே மேடேறியது.

“ஏய்! பிரார்த்தனை நேரம்! உக்காரு!” என்று சியோசி கத்தினான்.

“அப்பா, நாங்க நடக்கலப்பா, வீடுதான்!” என்றாள் எலேனி.

மீகா குட்டியின் பெயரைச் சொல்லி அழுதான். வீடு திரும்பவில்லை. சியோசி அதைப் பிடிக்க ஓடினான். இந்த அநியாயத்தைப் பார்க்கப் பாதி ஊர் அவன் பின்னால் ஓடியது. அவர்கள் சேம்பங்கொல்லையை எட்டியபோது கீழே கடல் வந்துவிட்டது. மறுசங்குக்காகக் கண்மூடிக் காத்திருந்தவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் கல்லில் வெட்டியிருக்கிறோம். சங்கு ஊதியவர் பெயரும் அதில் உண்டு.

அபராதத்தைச் சியோசி மறுபேச்சில்லாமல் கட்டினான். சட்டம் சட்டம்தானே. பிறகு சபை, தரை ஆடினால் சங்கு செல்லாது என்று விதியைத் திருத்தியது. லெயுதா ஊர் திரும்பியதும் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். “யாரு விட்டுப்போனது?” என்று கேட்டாள். “குட்டி” என்றான் மீகா. அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அன்று பாடம் நடக்கவில்லை.

இப்போது ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் மேட்டில் நிற்கும் அந்த வீட்டில்தான் பாடம் படிக்கிறார்கள். லெயுதா ஆரம்பித்தால் தூண்கள் லேசாக எழும்பும். “நீ இல்ல, பசங்க” என்று அதட்டினால் அடங்கும். ஒரே ஒரு சங்கடம். முன்பு கடலைப் பார்த்திருந்த வாசற்படி இப்போது மலைப் பக்கமே இருக்கிறது, கடற்காற்று முதுகில்தான் படுகிறது. சியோசியும் சபையாரும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அது திரும்பாது. திரும்பக் கூடாது என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறது.