ஏற்றுமதிக் கல்

"இங்கியே எறக்குங்கப்பா" என்றாள் தீர்த்தம்மாள்.

பாடையைச் சுமந்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது. எதிரே கிரானைட் கம்பெனி கேட். உள்ளே கண்டெய்னர் லாரி ஒன்று வெளியே வர உறுமிக்கொண்டிருந்தது.

"பாலத்துக்கிட்டதான எறக்குவோம் அண்ணி?" என்றான் கொழுந்தன் சின்னன்.

"அது கம்பெனி வந்த பொறவு. உங்கப்பனை எங்க எறக்கினீங்க? இங்க இருந்த புளியமரத்தடியிலதான? மரத்த வெட்டினான் சரி, எடத்தையுமா வெட்டிட்டான்? எறக்கு சின்னா."

இடுகாட்டுக்குப் பாதிவழியில் பாடையை இறக்கித் தலைமாற்றித் தூக்குவது ஊர் வழக்கம். பெண்கள் அதுவரைதான் வரலாம். தாலி கட்டிக்கொண்டவள் சுற்றி வராமல் பாடையை யாரும் தொட முடியாது. கேட்டுக்குக் குறுக்கே பாடை இறங்கியது. தீர்த்தம்மாள் சுற்றவில்லை. புருஷன் முகத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முனியப்பன் அந்தக் கம்பெனியில் கல்லுக்கு மெருகு போட்டவன். கல்தூள் நெஞ்சில் அடைத்து, படுத்தால் மூச்சு வராமல் சுவரில் சாய்ந்தே தூங்கினான். விடிந்தால் வேலைக்குப் போனான். போன வாரம் வரைக்கும் போனான். தருமபுரி ஆஸ்பத்திரியில் தூசு என்றார்கள். கம்பெனி மேனேஜரோ பீடி என்றார். பீடி வாடையே ஆகாத மனுஷனைப் பார்த்துச் சொன்ன வாய்! அது நாசமாய்ப் போக வேண்டும் என்று அவள் கும்பிடாத சாமியில்லை.

கற்களெல்லாம் கப்பலேறி வெள்ளைக்காரன் கல்லறைக்குப் போகின்றன. அங்கே செத்தவனுக்குக் கல் கண்ணாடியாக மின்ன வேண்டுமாம், விலை மட்டும் அடிமாட்டு விலையாக இருக்க வேண்டுமாம். அந்த மலிவுக்காகத்தான் தூளை அடக்கும் தண்ணீரை நிறுத்தினார்கள். முகமூடி கேட்டவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் ஏரியில் இன்றைக்கு மாடு குடிக்கத் தண்ணீரில்லை, மாவு கரைத்த மாதிரி கல்சேறுதான் கிடக்கிறது.

மேனேஜர் ஓடி வந்தார்.

"கொஞ்சம் ஓரமா வெச்சுக்கங்கம்மா. லோடு இன்னிக்கே போய்ச் சேரலைன்னா கப்பல் போயிடும்."

"போவட்டும். எங்கூட்டு ஆளு போவலியா?"

"போலீசக் கூப்புட வேண்டியிருக்கும்."

"கூப்புடு. அவங்களே வந்து பொணத்தத் தூக்கட்டும்."

"அப்படிக் கேளுக்கா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மேனேஜர் கையிலிருந்த போனில் முதலாளி திட்டுவது வெளியே கேட்டது.

"என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

"பீடியா, தூசா? ஊரு கேக்கச் சொல்லு."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "தூசுதாம்மா."

"இன்னும் ஒண்ணு. அவரு கடைசியா மெருகு போட்ட கல்லு இந்த லோடுலதான் போவுது. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தாரு. அத எறக்கு."

"ஐயோ, அதுல பேரு வெட்டியாச்சும்மா. வேற கல்லு தர்றேன். பெருசாவே தர்றேன்."

"அதுதான் வேணும். இவரு கல்லில்லாம குழிக்குப் போறாரு இல்ல? அங்கியும் ஒருத்தரு கல்லில்லாம கெடக்கட்டும். அந்த ஊட்டுக்காரங்களும் வயிறெரியட்டும்."

மேனேஜர் உள்ளே திரும்பிக் கை காட்டினார். கம்பெனி ஆட்கள் மரப்பெட்டியை உடைத்து, கல்லை இறக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகே தீர்த்தம்மாள் எழுந்து பாடையைச் சுற்றினாள். சாவு விழுந்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் குழிக்குப் பால் தெளிக்க அவளே கிளம்பினாள். பெண்கள் போவதில்லை என்று எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. மகள் காவேரி பால் செம்போடு கூட வந்தாள். மண்மேட்டின் தலைமாட்டில் கல் கறுப்பாக மின்னியது.

"யாரு பேருன்னு படிடி."

காவேரி குனிந்து இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் பெயரைப் படித்தாள். அதன் கீழே வருஷங்களைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி?"

"சின்னப் பொண்ணும்மா. பள்ளிக்கூடம் சேர்ற வயசு."

ரோட்டில் இன்னொரு கண்டெய்னர் போகும் சத்தம் கேட்டது. தீர்த்தம்மாள் மகள் கையிலிருந்து செம்பை வாங்கி மண்மேட்டில் பாதிப் பாலை ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து மீதியைக் கல்லின் மேல் சாய்த்தாள். மெருகில் நிற்காமல் பால் வழிந்து இறங்கியது, வெட்டிய எழுத்துகளுக்குள் மட்டும் தங்கியது.