வீடு பிறகு

கட்டாய ராணுவச் சேவைக்கு வரும் பையன்களுக்குக் காது சோதிப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இங்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். என்ன நாட்டுப்பற்று என்று எல்லோரும் மெச்சினார்கள். நாட்டுப்பற்றாவது மண்ணாங்கட்டியாவது! இங்கே பையன்களைத் தேறவைக்கும் பெரிய டாக்டரின் மகனுக்கு வயசு வரட்டும் என்றுதான் காத்திருந்தாள்.

டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால், ‘நாடு முதலில், வீடு பிறகு’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எந்தத் தாய் தகப்பன் நோய் நொடி என்று வாயைத் திறந்தாலும் அவர் அதற்குப் பொருள் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இவள் மகனுக்கு மூச்சிரைப்பு. அவனைச் சோதனைக்குக் கூட்டி வந்த அன்றைக்குக் கெஞ்சினாள், காலில் விழாத குறை. இரைப்பெல்லாம் இல்லை, பயம் என்று சிரித்துக்கொண்டே, தகுதி என்று முத்திரை குத்தினார். பயிற்சி மைதானத்திலேயே பிள்ளை மூச்சு முட்டிச் செத்தான்.

இன்று அவருடைய மகன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். இடது காதில் எந்த ஒலி கொடுத்தாலும் பட்டனை அமுக்கவில்லை. அப்பன் சொல்லிக்கொடுத்த நாடகம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். நடிக்கிறவர்களைப் பிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. கேட்காது என்கிற காதில் மைக் வழியாக எதையாவது சொல்வாள். எப்பேர்ப்பட்ட நடிகனும் முகம் மாறி மாட்டிக்கொள்வான்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “உன்னைச் சாகத்தான் அனுப்பப் போறேன்,” என்றாள்.

பையன் பட்டன் மேல் விரலை வைத்தபடி, அடுத்த ஒலிக்காகக் காத்துக்கொண்டு, அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

நிஜமாகவே கேட்கவில்லை. அதனால் என்ன, கேட்கிறது என்று ஒரு வார்த்தை எழுதினால் ஆயிற்று. பேனாவைத் திறந்தும் விட்டாள். அந்தச் சிரிப்பு கையைக் கட்டிப்போட்டது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அதற்குள் டாக்டர் பின்வாசல் வழியாக வந்து நின்றார். சின்ன வயசிலிருந்தே அந்தக் காதில் சீழ், ஊரைக் கூட்டாமல் உள்ளதை எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

“எழுதறேன் சார். முதல்ல வெளியே வந்து அந்த வாசகத்துக்குப் பொருள் சொல்லுங்க. உங்க பையனை வச்சுச் சொல்லுங்க.”

கூடம் நிறையப் பெற்றோர்கள். டாக்டர் கண்ணாடிக்குள் இருந்த மகனை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெளியே வந்து அவர்கள் முன்னால் நின்றார்.

“முடியாத பிள்ளைய அனுப்பறது நாட்டுப்பற்று ஆகாது,” என்றார். “என் பையனுக்கு ஒரு காது கேக்காது. அவன் வீட்டுக்குத்தான் போகணும்.”

“அப்ப என் பையன்?”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷம் அவள் ஒரு நாள் தவறாமல் சபித்த மனிதருக்கு, அவள் யாருடைய அம்மா என்றே தெரியவில்லை.

அவள் சொன்னாள். இரைப்பு, சிரிப்பு, முத்திரை, மைதானம் எல்லாவற்றையும் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலிப்பு, இதயத்தில் ஓட்டை என்று டாக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவரிடமும் அவரால் பழைய பொருளைச் சொல்ல முடியவில்லை.

சொன்ன சொல் தவறாமல், பையனின் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி அவர் கையில் கொடுத்தாள். அவர் தலை நிமிரவில்லை.

“என்னை மன்னிச்சிடும்மா.”

“மாட்டேன் சார்,” என்றாள். “உங்க பையனாவது வீட்டுக்குப் போகட்டும்.”