சின்ன ‘ர’வில் சேர்ந்த பத்துப் பேர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டை முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவன் நான். வரலாறு, மெய்யியல், சமூகவியல், அரசியல், சட்டம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். அந்தப் புத்தகத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தால் புயலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போகும். அத்தனை வருடத்தில் நான் விட்டது ஒரே ஒரு பிழை. மற்றதெல்லாம் அச்சகத்தார் விட்டது.

அந்த ஒரு பிழையும் போய் விழுந்தது என் மச்சினன் பாடத்தில்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. சட்டத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். ‘சட்டமும் அறமும்’ என்று ஒரு பாடம் நடத்தினான். தங்கமான பிள்ளை. ஆனால் வகுப்பில் வாயைத் திறந்தால் சுவரில் இருக்கிற பல்லி கொட்டாவி விட்டுக் கீழே விழும். இரண்டு வருடமாக ஆறு பேருக்கு மேல் சேரவில்லை. மூன்றாம் வருடமும் பத்துப் பேர் தேறாவிட்டால் பாடத்தைத் தூக்கிவிடுவார்கள். பாடம் போனால் அவன் வேலையும் போச்சு.

அந்த மூன்றாம் வருடக் கையேடு (நான் தட்டச்சு செய்ததில் பத்தாவது) அச்சாகி வந்த காலையில் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் இருநூற்று எண்பத்தேழாம் பக்கம் விரிந்து கிடந்தது. ‘சட்டமும் அரமும்.’

“என்னய்யா இது? சட்டம் படிக்கிறவனுக்கு இரும்பு ராவுற அரம் எதுக்கு?”

“கை தவறிடுச்சு சார். ரெண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.”

அவர் தலையில் மிச்சமிருந்த ஏழு முடியில் நான்கு என் கண்ணெதிரே உதிர்ந்தன.

வீட்டில் அதைவிடச் சிறப்பு. “என் தம்பி பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே! ஒரு ‘ற’ போட வக்கில்ல, இதுல பத்து வருஷ சர்வீஸாம்!”

“விடுக்கா, மாமா வேணும்னா செஞ்சாரு?” என்றான் அவன். அந்த நல்ல மனசுக்காகவே அவனுக்கு இன்னொரு பிழை விடலாம்.

சேர்க்கை தொடங்கியது. கார்பன் தாளும் மையும் மணக்கும் எங்கள் அறை ஜன்னலில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சார், இந்த அரம் பாடத்துல ஜெயில் கம்பிய அறுக்கச் சொல்லித் தருவாங்களா?”

“செய்முறை வகுப்பு உண்டான்னு அவரத்தாம்மா கேக்கணும்” என்றேன், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

இருவரும் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். செய்தி தாழ்வாரம் முழுக்கப் பரவியது. கடைசி நாள் மூன்றரை மணிக்கு ஒன்பது பேர். நான்கு மணிக்கு ஜன்னலை மூட வேண்டும். ஒரு ஆள் குறைந்தது. மச்சினன் வெளியே பெஞ்சில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அக்கா.

கையேட்டின் ஆறாம் பக்கத்தை அவளிடம் நீட்டினேன். பள்ளி இறுதி முடித்த பணியாளர் குடும்பத்தார் எந்தப் பாடத்திலும் மாணவராகச் சேரலாம். பத்து முறை தட்டச்சு செய்த வரி.

“நானா? இவன்கிட்டயா? இவனுக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்!”

“இன்னிக்கும் சிந்தி விடு. இந்தா பேனா.”

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் பத்தாவது ஆளானாள்.

முதல் வகுப்பைக் கதவோரம் நின்று பார்த்தேன். மச்சினன் இரும்புக் கடையில் ஒரு நிஜ அரத்தை வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். “ஒரு தப்பும் செய்யாதவன் உள்ள இருக்கான். இது அவன் கையில கெடைக்குது. கம்பிய ராவலாமா?”

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடுத்த கட்டடத்து வரலாற்று வகுப்பு போர் மூண்டதாகக் குறிப்பெடுத்துக்கொண்டது. என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். “டேய், ராவட்டும்டா! ஆனா தப்பு செஞ்சவனும் அந்த ஓட்ட வழியா வந்துட்டா யாரு பதில் சொல்றது?”

அவன் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் பல்லிகள் விழவில்லை. அடுத்த வருடம் நாற்பத்து மூன்று பேர். தலைப்பைத் திருத்தப் பதிவாளர் வந்தபோது, “சின்ன ‘ர’வே இருக்கட்டும் சார்” என்று அவன் மறித்துவிட்டான். வேலை நிரந்தரமானது. என் மனைவி அறுபத்தொரு மதிப்பெண் வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாட்சியில்லாமல் எதையும் நம்புவதில்லை.

போன வாரம் பழைய சாமான் கடையில் ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி கிடந்தது. எனக்குப் பழைய காதலியைப் பார்த்ததுபோல் இருந்தது. மனைவி குனிந்து, ஒரு விரலை ‘ற’மேல் வைத்தாள். இன்னொரு விரலை அங்கிருந்து நகர்த்தினாள். ந, ச, வ, ல. அப்புறம்தான் ‘ர’.

“பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு?”

நான் கடைக்காரரிடம் விலை விசாரித்தேன்.

“ஏங்க, ஒண்ணு இடது கை, ஒண்ணு வலது கை. இத்தன வருஷம் என்கிட்டயே மறச்சிருக்கீங்க. இது அறமா?”

“எந்த ‘ர’?” என்றேன்.